பாடம் 9: மேற்குச் சாளரம்

தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் 'லூ' என்னும் வெப்பக்காற்றை நன்கு அறியும். மே, ஜூன் மாதங்களில் வறண்ட நிலங்களைக் கடந்து மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, பிற்பகலில் மேற்குச் சாளரத்தின் வழியே அறைக்குள் புகுகிறது. உடன் வெயிலும் புகுகிறது. சாளரத்தின் மேலுள்ள சன்ஷேட் உச்சி வெயிலைத் தடுக்கும். சாய்ந்து இறங்கும் மாலை வெயிலைத் தடுக்க அதனால் இயலாது. ஆகவே, செங்கல்லால் கட்டிச் சிமெண்டு பூசிய வீடுகளில் சிலர் மேற்குச் சாளரத்தைச் சிறிதாக்கிக் கொள்கின்றனர்.

தெற்குச் சாளரத்தைத் தொடவேண்டுவதில்லை. கோடை நண்பகலில் தில்லியின் கதிரவன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால் அங்கே சன்ஷேட்டே போதும். குளிர்காலத்திலோ கதிரவன் தெற்கே தாழ்ந்து செல்வதால் அச்சாளரம் வழியே இளவெயில் அறைக்குள் வரும். அதை அடைப்பவர் ஜனவரியில் வருந்துவர்.

எவ்வளவு குறைக்கலாம்? இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. வறண்ட வெப்பப் பகுதிகளில் அறையின் சாளரப் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. ஈரமான வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடைய அறையின் தரைப்பரப்பு 120 சதுர அடி. அதில் 5 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட ஒரே சாளரம் இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 20 சதுர அடி. சென்னைக்கு அது சரியான அளவு. கடற்காற்று உடலின் வியர்வையை உலர்த்த வேண்டுமல்லவா? தில்லியில் அதை 4 அடிக்கு 3 அடியாக, அதாவது 12 சதுர அடியாகக் குறைக்கலாம். அதற்குமேல் ஓர் அங்குலமும் குறைத்தல் கூடாது.

சாளரத்திற்குக் காலதர் என்றொரு பழம்பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. அளவைக் குறைக்கும்போதும் அது காற்றின் வழியாகவே இருத்தல் வேண்டும்.

சுவரில் புதிதாகத் திறப்பு வெட்டுவது கடினம். இருக்கும் திறப்பைச் சுருக்குவது எளிது. மேலுள்ள சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் முன்பே அங்கு உள்ளது. அதைத் தொடாமல், அடிப்பகுதியில் ஓர் அடியும் ஒரு பக்கத்தில் ஓர் அடியும் அடைத்தல் நன்று. மேற்பகுதியை அடைத்தால், மேலெழும் சூடான காற்று வெளியேற வழியிராது.

கொத்தனார் முதலில் பழைய சட்டத்தைக் கழற்றுவார். திறப்பைச் சுற்றிலும் அரை அடி அகலத்திற்குப் பூச்சைக் கொத்தி எடுப்பார். பின்னர்ப் பழைய சுவரின் விளிம்பில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகச் செங்கல்லை வெட்டி, பல்வரிசை போன்ற பள்ளங்கள் செய்வார். புதிய செங்கற்கள் அப்பள்ளங்களில் நுழைந்து கட்டப்படும். பார்வைக்குச் சிறிய வேலையாகத் தோன்றினும், வேலையின் உயிர் இதுவே. பல் விடாமல் ஒட்டவைத்த சுவர் தனியே நிற்கும். ஓரிரு ஆண்டுகளில் இணைப்பு நெடுக வெடிப்புத் தோன்றும். மழைநீர் அதன்வழி இறங்கும்.

செங்கற்களை நீரில் ஊறவைத்தே பயன்படுத்துதல் வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஒரு பங்கு சிமெண்டும் ஆறு பங்கு மணலும் கட்டுமானத்திற்குப் போதும். லிண்டலின் அடியில் எஞ்சும் சிறு இடைவெளியை மறுநாள் கலவையால் இறுக அடைப்பர். ஏழு நாளேனும் நீராற்ற வேண்டும். வடநாட்டுக் கோடையில் காலையில் தெளித்த நீர் நண்பகலுக்குள் மறைந்துவிடுவதால் ஈரச் சாக்கைப் போர்த்துதல் நலம். பூசுவதற்குமுன், பழைய சுவரும் புதிய சுவரும் கூடுமிடத்தில் கம்பிவலை அடிப்பர். புதிய அடிவிளிம்பு வெளிப்புறம் சற்றே சரிந்திருத்தல் வேண்டும். அன்றேல் மழைநீர் அறைக்குள் வழியும்.

வெப்பம் தாளாமல் சாளரத்தை முற்றிலும் அடைத்துவிடுவோரும் உளர். குளிர்காலத்தில் அவ்வறையில் அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூட்டிக்கொண்டு உறங்கினால், எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வெளியேற வழியின்றித் தங்கும். அவ்வளிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குவோர் விழிக்காமலே இறக்க நேரிடும்.

அருஞ்சொற்பொருள்
வடபுலம் – வடதிசை நாடு
நீராற்றுதல் – புதிய கட்டுமானத்தை ஈரமாக வைத்திருத்தல்
அன்றேல் – இல்லாவிட்டால்
வளி – காற்று

பயிற்சி
1. பிரித்து எழுதுக: காலதர், செங்கல், வெப்பக்காற்று.
2. 15 அடிக்கு 12 அடி அளவுள்ள அறைக்கு ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் எவ்வளவு சாளரப் பரப்பு வேண்டும்?
3. "பல் விடாமல் ஒட்டவைத்த சுவர் தனியே நிற்கும்." இத்தொடரின் பொருளை உம் சொற்களில் எழுதுக.
4. நீங்கள் உறங்கும் அறையின் சாளரம் எத்திசை நோக்கியுள்ளது? அதை அளந்து, சிறிதாக்கலாமா என்பதைக் காரணத்துடன் எழுதுக.