கோதுமை சேராத தானியப் பொரிக்கலவை
(வீட்டிலேயே தயாரிக்கும் முறை)

கமக்காரர்களே!

மொனராகலைப் பகுதியின் சேனைகளிலே குரக்கன், கச்சான், எள்ளு ஆகியவை விளைகின்றன; வயல்களிலே நெல் விளைகின்றது. எனினும், விளைந்தவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த பணத்திற் கோதுமை மா வாங்கிக் காலை ரொட்டி சுடும் வீடுகள் பல. இப்பாடம், உங்கள் விளைபொருளைக்கொண்டே கோதுமை சேராத காலையுணவு ஒன்றைத் தயாரிக்கும் விதத்தைக் கூறுகின்றது. பட்டினக் கடைகளில் ‘கிரனோலா’ என்ற பெயருடன் அதிக விலைக்கு விற்கப்படுவது இவ்வகை உணவேயாகும்.

1. இதன் வரலாறு

1863ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்னும் வைத்தியர் முழுக் கோதுமை மாவைச் சுட்டு உடைத்து இவ்வுணவின் முதல் வடிவத்தைச் செய்தார். பிற்காலத்தில் கோதுமைக்குப் பதிலாக ஓட்ஸ் இடம்பெற்றது. ஆகவே, கிரனோலா என்ற பெயர் இருப்பதனால் மட்டும் அது கோதுமையற்றது என்று கொள்ளலாகாது.

2. கோதுமை யாருக்கு ஆகாது?

பிசைந்த கோதுமை மாவை நீரிற் கழுவிப் பாருங்கள். மாப்பொருள் கரைந்துபோக, இழுத்தால் நீளும் பசை ஒன்று எஞ்சும். அதுவே ‘குளுட்டன்’ என்னும் பசைப் புரதம். பெரும்பாலானோருக்கு இதனால் தீங்கில்லை. ‘சீலியாக்’ நோயுடையோருக்கோ, சிறுகுடலின் உட்புறத்திலுள்ள சடைமுளைகள் இதனாற் சிதைகின்றன. உண்ட உணவின் சத்து உடலிற் சேராமற் போகின்றது. பிள்ளையின் நிறை கூடாது, வயிறு ஊதும், கழிச்சல் நீடிக்கும், இரத்தச்சோகை உண்டாகும்.

ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியரான டிக்கே என்பவர், கோதுமையை நீக்கினால் இத்தகைய பிள்ளைகள் தேறுவதைக் கண்டு, 1950இல் தமது ஆய்வை வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்கு உணவுக் கட்டுப்பாடே சிகிச்சையாகும்.

உங்கள் பிள்ளைக்கு இக்குறிகள் இருப்பின் தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பரிசோதனை முடியுமுன் நீங்களாகவே கோதுமையை நிறுத்தல் ஆகாது. நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் புலப்படாமற் போகலாம். நோயில்லாதவர் கோதுமைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் குரக்கனின் சிறப்பு யாவருக்கும் பயன்படும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குதானும் இல்லை.

3. வேண்டிய பொருட்கள்

சிவப்பரிசித் தடித்த அவல் – 400 கிராம்
கச்சான் பருப்பு – 150 கிராம்
குரக்கன் – 100 கிராம்
தேங்காய்ப்பூ – 100 கிராம்
எள்ளு – 50 கிராம்
கித்துள் அல்லது தென்னங் கருப்பட்டி – 150 கிராம்
தேங்காயெண்ணெய் – 2 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

விலங்குணவுக்காகப் பயிரிடப்படும் சோளன் நன்கு பொரியாது. ஆதலால் இங்கு சேர்க்கப்படவில்லை.

4. கச்சானைத் தெரிந்தெடுத்தல்

இப்பாடத்தில் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுவே. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீனியிற் சேர்ந்த கச்சான் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்திருந்ததே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. அப்பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு ‘அஃபிளாடொக்சின்’ என்று பெயர். இது மனிதரின் ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைவிக்கும். வறுப்பதனால் இந்நஞ்சு முற்றாக அழியாது.

எனவே, கச்சானைப் பிடுங்கியதும் மண்ணை உதறி, வெறுந்தரையில் இடாது பாயிற் பரப்பி உலர்த்துங்கள். அசைத்தால் கோதினுள் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். உலர்ந்ததை மழையில் நனைய விடாது, பலகையின்மேல் சாக்கில் வையுங்கள். சமைக்குமுன் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சணம் பிடித்தவை, கைத்தவை யாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அவற்றைக் கோழிக்கோ பசுவுக்கோ இடலாகாது. பசு உண்ட நஞ்சு பாலிலும் வந்து சேரும்.

5. செய்முறை

(அ) குரக்கனைக் கல், மண் நீங்க அரித்துக் கழுவி உலர்த்துக. பின்பு சிறிது நீர் தெளித்துப் பிசறி, மூன்று நான்கு மணி நேரம் மூடி வைக்க. கனத்த இரும்புத் தாச்சியை நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு பிடியாக இட்டு விரைந்து கிளறினால் மணிகள் வெடித்து மலரும். மலராதவற்றை அரிதட்டிற் சலித்து நீக்குக.

(ஆ) அவலை இளந்தீயில், விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை வறுக்க.

(இ) கச்சானை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைக்க. எள்ளைத் தனியே வறுக்க. தேங்காய்ப்பூவை ஈரம் முற்றாக வற்றிப் பொன்னிறமாகும் வரை வறுக்க. ஈரம் எஞ்சினால் முழுக் கலவையும் கெடும்.

(ஈ) கருப்பட்டியைக் கால் கோப்பை நீரிற் கரைத்து வடிகட்டி, உப்புச் சேர்த்துக் காய்ச்சுக. ஒரு துளியைத் தட்டில் விட்டு ஆறியபின் விரலாற் தொட்டால் நூல் இழுக்க வேண்டும். அப்போது எண்ணெயைச் சேர்த்து, வறுத்தவை அனைத்தையும் கொட்டிக் கிளறுக.

(உ) மிக இளந்தீயில் மேலும் பத்து நிமிடம் கிளறி இறக்குக. அகன்ற தட்டிற் பரப்பி நன்றாக ஆறியபின் ஈரமற்ற போத்தலில் அடைத்து இறுக மூடுக. இரண்டு வாரத்துக்குள் உண்டு முடித்தல் நன்று. எண்ணெய்ச் சிக்கு வாடை தோன்றினால் உண்ணலாகாது.

ஒருவருக்கு ஒரு கைப்பிடி போதும். பாலுடனோ தயிருடனோ, வாழைப்பழம் அல்லது பப்பாளிப்பழம் சேர்த்து உண்ணலாம்.

6. எச்சரிக்கைகள்

சீலியாக் நோயாளிக்குச் சிறிதளவு கோதுமையும் தீங்கு செய்யும். ஆதலால் ரொட்டி சுடும் கல்லையும் அதற்குரிய அகப்பையையும் இதற்குப் பயன்படுத்தாது, வேறு தாச்சி வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை அரைக்கும் ஆலையில் குரக்கனை அரைத்தால் இரண்டும் கலந்துவிடும். அம்மாவை நோயாளிக்குக் கொடாதீர்கள். ரவை, பார்லி ஆகியவற்றிலும் அவருக்கு ஆகாத புரதம் உண்டு. ஓட்ஸில் கோதுமை கலந்திருத்தல் கூடும்.

சிறு பிள்ளைகளுக்குக் கச்சான் தொண்டையில் அடைக்கக்கூடும். ஆகவே இக்கலவையை வீட்டிலேயே இடித்து மாவாக்கிக் கஞ்சியிற் கரைத்துக் கொடுங்கள். கச்சான் ஒவ்வாதோர் அதனை விலக்குக. நீரிழிவு உடையோருக்குக் கருப்பட்டியும் சீனியைப் போன்றதே; அவர்களுக்குக் கருப்பட்டி இன்றியே தயாரிக்கலாம்.

7. அடுத்த போகத்துக்கு

பெரும்போக மழைக்குச் சேனையை ஆயத்தஞ் செய்யும்போது, விதைக்கும் விற்பனைக்கும் கணக்கிடுவதுபோல வீட்டுக்கும் ஒரு பங்கு கணக்கிடுங்கள். மேற்கூறிய அளவில் மாதம் இருமுறை தயாரிக்கும் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்குக் குரக்கன் இரண்டரைக் கிலோவும், கச்சான் பருப்பு நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் போதுமானவை. கோதுமை உண்ண இயலாத பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பங்கை முதலில் எடுத்து வைத்து, எஞ்சியதையே சந்தைக்கு அனுப்புங்கள்.