52 வயதில் முதல் தேர்தல்

கியர் ஸ்டார்மர் 2015 மே மாதம் லண்டனின் ஹோல்போர்ன் – செயின்ட் பாங்கிராஸ் தொகுதியில் ஜெயித்து முதன்முதலாக எம்.பி. ஆனபோது அவருக்கு வயது 52. 2020 ஏப்ரலில் தொழிற்கட்சித் தலைவர். 2024 ஜூலை 5 அன்று பிரிட்டனின் பிரதமர். ஒன்பது வருடத்தில் இவ்வளவு உயரமா என்று வியப்பவர்கள், அவர் வக்கீலாக இருந்த முந்தைய 28 வருடங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நடுவயதில் தொழில் மாற நினைப்பவர்களுக்கு உதவக்கூடிய சங்கதிகள் இருப்பது அந்த வருடங்களில்தான்.

அப்பா பட்டறையில் கருவிகள் செய்யும் தொழிலாளி, அம்மா நர்ஸ். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்பு. 1987இல் மிடில் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தின் வழியாகப் பாரிஸ்டர், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல் ஆனார். இங்கிலாந்தில் பாரிஸ்டர் தொழில் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வருடம் மூத்தவரிடம் பயிற்சி. அதன்பின் ஏதாவது ஒரு சேம்பரில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில், இடம் பிடிக்க வேண்டும். சேம்பரின் வாடகை, கிளார்க் செலவெல்லாம் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது. வருமானம் மட்டும் அவரவர் பாடு. வழக்கைக் கொண்டுவருபவர் சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரர் முதலில் போய்ப் பார்க்கும் வக்கீல். அது எந்த பாரிஸ்டருக்குப் போகும், ஃபீஸ் எவ்வளவு என்று பேசி முடிப்பவர் கிளார்க். ஆகவே எந்தச் சேம்பரில் உட்காருகிறீர்களோ, பெரும்பாலும் அந்த மாதிரி வழக்குகள்தான் உங்களைத் தேடி வரும். ஸ்டார்மர் சேர்ந்தது 1990இல் தொடங்கிய டௌட்டி ஸ்ட்ரீட் சேம்பர்ஸ். மனித உரிமை வழக்குகளுக்குப் பேர்போன இடம். முதல் வேலையில் சம்பளத்தைவிடப் பக்கத்து மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அதற்கு இது நல்ல உதாரணம்.

அவர் பெயரை வெளியே தெரியவைத்த வழக்கில் காசே கிடைக்கவில்லை. லண்டனில் ஒரு சிறு குழு மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தைக் குறை சொல்லித் துண்டறிக்கை கொடுத்தது. 1990இல் நிறுவனம் ஐந்து பேர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு விலகிக்கொண்டார்கள். ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் என்ற இருவர் மட்டும் முடியாது என்றார்கள். அவதூறு வழக்குக்கு அங்கே அரசின் சட்ட உதவி கிடையாது; கையில் பணமும் இல்லை. எதிர்த்தரப்பில் முழு வக்கீல் படை, இந்தப் பக்கம் இவர்களே எழுந்து வாதாடினார்கள். மனு எப்படி எழுதுவது, எந்தச் சாட்சியிடம் என்ன கேட்பது என்று திரைக்குப் பின்னால் இருந்து இலவசமாக ஆலோசனை சொன்னவர்களில் ஸ்டார்மர் முக்கியமானவர். விசாரணை 313 நாள் நீதிமன்றத்தில் நடந்தது. இங்கிலாந்தின் மிக நீண்ட அவதூறு வழக்கு அதுதான். 1997இல் தீர்ப்பு பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் போனது, 60,000 பவுண்டு இழப்பீடு. அப்பீலில் அது 40,000 ஆனது.

வேறு யாராவது இருந்தால் அதோடு ஃபைலைக் கட்டி வைத்திருப்பார்கள். வழக்கு ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களை இப்படித் தாங்களே வாதாட விட்டது நியாயமான விசாரணை ஆகாது என்று 2005இல் பிரிட்டன் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அங்கே இருவருக்காகவும் வாதாடியவர் ஸ்டார்மர். ஓர் இலவச வழக்கைப் பல வருடம் விடாமல் பிடித்திருந்தவர் என்ற பெயரை எந்த விளம்பரமும் வாங்கித் தராது. இதற்கிடையில் 2002இல் அவர் குயின்ஸ் கவுன்சல், அதாவது மூத்த வழக்கறிஞர் ஆகிவிட்டார்.

திசை மாறியது வட அயர்லாந்தில். புதிதாக அமைக்கப்பட்ட காவல்துறையைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு 2003 முதல் மனித உரிமை ஆலோசகர். அதுவரை அரசை எதிர்த்து வழக்காடியவர், போலீஸ் அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்குவதை, உள்ளே இருந்து நம்பிக்கையைச் சம்பாதித்தால் சீக்கிரம் சாதிக்கலாம் என்று புரிந்தது அங்கேதான் என அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். என் கணிப்பில் அவர் அரசியலில் இறங்கியது 2015இல் அல்ல, இங்கேதான்.

2008 நவம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் அரசு வழக்குத் துறை இயக்குநர் ஆனார். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவர், குற்றம் சாட்டும் துறைக்கே தலைவர். பழைய நண்பர்கள் சிலர் முகம் சுளித்திருப்பார்கள்! தனி ஆளாகத் தொழில் செய்தவர் முதல்முறையாக ஆயிரக்கணக்கான ஊழியர்களையும் அரசின் நிதி வெட்டையும் சமாளிக்க வேண்டியிருந்தது. தற்கொலைக்கு உதவியதாக வரும் புகார்களில் எப்போது வழக்குத் தொடரலாம் என்ற வழிகாட்டு விதிகளை 2010இல் வெளியிட்டார். ஒளிபரப்பாளர் ஜிம்மி சாவில் மீதான பாலியல் புகார்களில் 2009இல் துறை வழக்குத் தொடரவில்லை. அந்த முடிவை எடுத்தவர் ஸ்டார்மர் அல்ல. ஆனாலும் ஆய்வுக்கு உத்தரவிட்டு, 2013இல் துறையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மேலாளர் நாற்காலிக்கு ஆசைப்படுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: கீழே நடந்ததற்கும் பதில் சொல்லத்தான் அந்த நாற்காலி.

நாடாளுமன்றத்தில் வக்கீல் மூளை நன்றாகவே உழைத்தது. 2016 முதல் பிரெக்ஸிட் விவகாரத்தில் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சர்; சட்ட நுணுக்கத்தில் அவரை மடக்குவது கஷ்டம். எதிர்க்கட்சித் தலைவராக வந்ததும், அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனைச் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போலக் குறுக்கு விசாரணை செய்தார்.

ஆனால் எல்லாத் திறமையும் கூடவே வந்துவிடாது. பாரிஸ்டரின் மேசைக்கு வழக்கு தயாராக வந்து சேரும். கட்சிக்காரர் யார், என்ன கேட்கிறார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பிரதமரிடம் அப்படி யாரும் ஃபைலைக் கட்டிக்கொண்டு வந்து தரமாட்டார்கள். எதற்காக ஆட்சிக்கு வந்தோம் என்பதை அவரேதான் மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பதவியேற்ற அதே மாதம், முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைச் சுமார் ஒரு கோடிப் பேருக்கு நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பட்ஜெட் கணக்கில் காரணம் இருந்தது, கேட்பவர் மனதில் அது ஏறவில்லை. 2025 ஜூனில் பெரும்பாலானோருக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

ஐம்பது வயதில் தொழில் மாறுவது தாமதம் இல்லை. மாறுவதற்கு முன்பே ஒரு நிர்வாகப் பொறுப்பு கிடைத்தால் தட்டிக் கழிக்காதீர்கள். புது இடத்தில் தேவைப்படுவதில் உங்களுக்கு வராதது எது என்று சேரும் முன்பே விசாரித்து, அது கைவந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்மர் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.