கடின நீரில் சிக்லிட் வளர்ப்பு: பாசி தின்னும் துணை மீனைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பல கிணறுகளின் நீரில் சோப்பு நுரைப்பதில்லை. பருப்பு எளிதில் வேகாது. காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். இத்தகைய நீர் உள்ள சிறு விவசாயிகள் சிலர், வீட்டை ஒட்டிச் சிமெண்டுத் தொட்டி கட்டி, உபதொழிலாக வண்ணமீன் வளர்க்க முன்வருகின்றனர். அவர்களுக்கு ஏற்றது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் இனங்கள். அந்த ஏரி நீரின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு, ஏறத்தாழ 8 முதல் 8.5 வரை இருக்கும்.

ஆனால் மீன் விட்ட ஒரு மாதத்திற்குள் தொட்டிச் சுவர் பச்சையாகிவிடும். உடனே கடைக்காரர் சொல்லும் ஏதோ ஒரு பாசி தின்னும் மீனை வாங்கி விடுவது வழக்கமாகிவிட்டது. இதனால் வாங்கிய மீன் சாவதும், சிக்லிட் மீன்கள் காயப்படுவதும், கடைசியில் ஊர் ஏரியே பாழாவதும் உண்டு. துணை மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

உப்பு நீர் வேறு, கடின நீர் வேறு

சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்தது கடின நீர். கறியுப்பு மிகுந்தது உப்பு நீர். பி.எச். 7-க்கு மேல் உள்ளது கார நீர். இம்மூன்றும் ஒன்றல்ல. தோல் பதனிடும் தொழிலில், பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பே கழுவும் நீருடன் வெளியேறி நிலத்தடி நீரில் சேர்கிறது. மலாவி ஏரி நீர் காரமானதே தவிர உப்பானதன்று. அதில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஆகவே "எங்கள் கிணறு உப்பு, சிக்லிட் நன்றாக வரும்" என்று எண்ணுவது தவறு.

நீர்ப் பரிசோதனை அறிக்கையில் மின்கடத்துத் திறன் 1 டெசிசைமனுக்குள் இருந்தால் நல்லது. 2-ஐத் தாண்டினால் அந்நீரை அப்படியே விடாமல், சேமித்த மழைநீரைக் கலந்து பயன்படுத்த வேண்டும். ஆழ்குழாய் நீரை இறைத்தவுடன் சோதித்தால் கரியமிலவாயு கரைந்திருப்பதால் பி.எச். குறைவாகக் காட்டும். ஒரு நாள் தொட்டியில் காற்றாட வைத்த பின்னர் சோதிப்பதே சரி.

தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் பகுதி கெட்டது குறித்து 1996-ஆம் ஆண்டிலும், மீண்டும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியுள்ளது. கழிவு பாய்ந்த நிலத்தை ஒட்டிய கிணறாக இருந்தால் குரோமியத்துக்குத் தனியே சோதனை செய்ய வேண்டும். சாதாரணப் பாசன நீர்ப் பரிசோதனையில் அது தெரியாது. குரோமியம் கலந்த நீரில் மீன் வளர்ப்பில் இறங்காமலிருப்பதே நல்லது.

புதிய தொட்டி

புதிய சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கரைந்து பி.எச். 10-க்கு மேலும் போய்விடும். எந்த மீனும் இதைத் தாங்காது. தொட்டியில் நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவிட்டு, வாரம் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்து, நீரின் பி.எச். 8.5-க்குள் நின்ற பின்னரே மீன் விட வேண்டும்.

எந்தப் பாசி என்று பாருங்கள்

பாசியெல்லாம் ஒன்றல்ல. தண்ணீரே பச்சையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி. சுவரைச் சுரண்டும் மீன் எதுவும் அதைத் தின்னாது. நிழலும் நீர் மாற்றமுமே அதற்கு மருந்து. கருநீலப் பச்சையாக, வழவழப்பாக, நாற்றத்துடன் பாய்போல் படர்ந்தால் அது நீலப்பச்சைப் பாசி. அதையும் மீன்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. தீனி மிகுந்து அடியில் அழுகுகிறது என்பதற்கு அது அறிகுறி. புதிய தொட்டியில் தோன்றும் பழுப்புப் படிவமும், சுவரிலும் கல்லிலும் ஒட்டும் குட்டையான பச்சைப் பாசியுமே துணை மீனுக்கு உணவாகும்.

இந்தப் பச்சைப் பாசியைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. மலாவி ஏரியின் பாறைகளில் வாழும் சிக்லிட் இனங்கள் பலவற்றுக்கு இயற்கை உணவே அதுதான். வரிகள் கொண்ட ஜீப்ரா வகைகள் கல்லில் உள்ள பாசியை நாள் முழுவதும் கொறிக்கும். இவற்றுக்கு இறைச்சித் தீனி மிகுந்தால் வயிறு உப்பிச் சாகும். சுருள்பாசி கலந்த தீவனமும் வெந்நீரில் வாட்டிய கீரையும் ஏற்றவை. தீனியை அளவோடு குறைத்தால் சிக்லிட் மீன்களே பாதிப் பாசியைத் தீர்த்துவிடும். மீதிக்குத்தான் துணை மீன்.

துணை மீனுக்கு மூன்று கேள்விகள்

பி.எச். 8-க்கு மேற்பட்ட கடின நீரை அது தாங்குமா? சிக்லிட்டின் சண்டையை அது தாங்குமா? முழுதாக வளர்ந்தபின் தொட்டி அதற்குப் போதுமா? மூன்றுக்கும் "ஆம்" என்று விடை வந்தால் மட்டும் வாங்கலாம்.

ஓட்டோசிங்க்லஸ் என்னும் விரலளவுக் கெளுத்தி மென்னீரில் வாழ்வது. கடின நீரிலும் சண்டையிலும் நிலைக்காது. சீன அல்ஜி ஈட்டர் குஞ்சாக இருக்கும்போது பாசி தின்னும். வளர்ந்தபின் பிற மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும். சினோடான்டிஸ் கெளுத்தி இந்நீருக்கு நன்கு பொருந்தும். ஆனால் அது அடியில் விழும் மிச்சத் தீனியைத் தின்னுமேயன்றிப் பாசி தின்னாது.

ஓரளவு மூன்றுக்கும் பொருந்துவது பிரிசில்நோஸ் எனப்படும் மீசை மீன். இது 10 முதல் 15 சென்டிமீட்டர் வரைதான் வளரும். பண்ணைத் தொட்டியில் பிறந்த குஞ்சாக வாங்கி, நம் நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கி விட வேண்டும். 500 லிட்டர் தொட்டிக்கு இரண்டு போதும். அவற்றில் ஆண் ஒன்றே இருக்கட்டும். பகலில் ஒளிந்துகொள்ள மண் குழாய்த் துண்டும், மாலையில் கொஞ்சம் கீரையும் தேவை.

கூம்பு வடிவச் சிறு நத்தைகளும் கடின நீரில் ஓடு கெட்டியாக வளர்ந்து பாசியையும் மிச்சத் தீனியையும் தின்னும். வயலிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ எடுத்துவிட வேண்டாம். அவற்றுடன் ஒட்டுண்ணிப் புழுக்கள் வரக்கூடும். நத்தையும் சிக்லிட்டும் உள்ள தொட்டியில் மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொல்ல முயல்வதும் ஆபத்து.

டேங்க் கிளீனர் வேண்டாம்

கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் தென் அமெரிக்கக் கெளுத்தி இந்நீரைத் தாங்கும், சண்டையையும் தாங்கும். ஆனால் ஒன்றரை அடி வரை வளர்ந்துவிடும். தொட்டிக்கு மிஞ்சியபின் பலர் அதை ஏரியில் விட்டுவிடுகின்றனர். கொல்கத்தாவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களிலும் ஆந்திர நீர்நிலைகளிலும் இது பெருகிவிட்டது, தமிழ்நாட்டிலும் காணப்படுகிறது. கெண்டை மீன்களின் உணவை இது தின்றுவிடும். முள் போன்ற செதிலால் வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஏரிக்கரையை நம்பி வாழும் ஊருக்கு இது கேடு.

குஞ்சுப் பருவத்தில் இதுவும் மீசை மீனும் ஒன்றுபோல் தோன்றும். முதுகுத் துடுப்பை விரித்து எண்ணிப் பாருங்கள். டேங்க் கிளீனருக்குப் பத்தோ அதற்கு மேலோ கதிர்கள் இருக்கும். மீசை மீனுக்கு எட்டு அளவில்தான் இருக்கும். மீசை மீனும் வெளிநாட்டு இனமே. அதையும் ஏரியிலோ கிணற்றிலோ விடலாகாது.

கார நீரில் தீனி மிகுந்தால் ஆபத்து

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 8-இல் ஆறேழு பங்கும், பி.எச். 9-இல் நாற்பது பங்கும் நச்சாகிவிடும். வெயிலில் பாசி கரியமிலவாயுவை எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் பி.எச். மேலும் ஏறும். எனவே துணை மீன்களை மேன்மேலும் சேர்ப்பது பாசியைக் குறைக்காது, கழிவையே கூட்டும்.

தொட்டிக்கு மேல் நிழல்வலையோ தென்னங்கீற்றுப் பந்தலோ போட்டுப் பாதி வெயிலைத் தடுக்கவும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி இடவும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றவும். வெளியேற்றும் நீரைத் தென்னைக்கும் கீரைப் பாத்திக்கும் பாய்ச்சலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அறியவும்.

ஒரு தொட்டியில் ஒரே இன சிக்லிட்டை வைப்பது நல்லது. இனங்கள் கலந்தால் கலப்பினக் குஞ்சுகள் பிறந்து விலை போகாது. எந்த இனத்தை வாங்குவார்கள் என்று சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரிகளிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, முதல் ஆண்டு ஒரு தொட்டியுடன் தொடங்கலாம். மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ நீர்ப் பரிசோதனை அறிக்கையுடன் அணுகிப் பயன்பெறலாம்.