பிரித்தானியப் பேச்சாங்கிலத்தில் வட்டாரச் சொற்கள்: பொதுமொழி இழந்த பொருள் வேறுபாடுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய மக்களின் அன்றாடப் பேச்சில் வழங்கும் வட்டாரச் சொற்கள் பொது ஆங்கிலத்தின் சிதைந்த வடிவங்கள் என்னும் கருத்து பள்ளிக் கல்வியிலும் பொதுமக்கள் மதிப்பீட்டிலும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அச்சொற்களுள் பல பொது ஆங்கிலத்தினும் பழமையானவை என்பதையும், பொது ஆங்கிலம் கைவிட்ட இலக்கண, பொருள் வேறுபாடுகளைச் சில சொற்கள் இன்றும் காத்துவருகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளின்வழி நிறுவுகிறது. அதனடிப்படையில், வட்டாரச் சொல்லைத் தனிச்சொல்லாகத் தொகுக்கும் முறையின் போதாமையும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: வட்டார வழக்கு, திசைச்சொல், குழூஉக்குறி, கிளைமொழி அளவாய்வு, சுட்டு, முன்னிலைப் பன்மை.

முன்னுரை

2013ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள மிடில்ஸ்பரோ நகரத் தொடக்கப்பள்ளி ஒன்று, பிள்ளைகளின் பேச்சில் திருத்த வேண்டிய சொற்களையும் தொடர்களையும் பட்டியலிட்டுப் பெற்றோருக்கு மடல் அனுப்பியது. ‘யூஸ்’, ‘நௌட்’ ஆகிய சொற்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. முன்னது முன்னிலைப் பன்மை. பின்னது ‘ஒன்றுமில்லை’ என்னும் பொருளது. பிள்ளைகளின் எதிர்கால வேலைவாய்ப்பைக் கருதியே பள்ளி இம்முயற்சியை மேற்கொண்டது. எனினும் அது மொழியியல் நோக்கில் ஒரு வினாவை எழுப்புகிறது: இச்சொற்கள் பிழைகளா, அன்றி வேறோர் ஒழுங்கின் உறுப்புகளா? இவ்வினாவுக்கு விடை காணும் முன்னர் வட்டாரச் சொல், குழுவழக்கு என்னும் இரண்டனையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

திசைச்சொல்லும் குழூஉக்குறியும்

அன்றாட ஆங்கிலப் பேச்சைப் பற்றிய பொதுநூல்கள் வட்டாரச் சொற்களையும் குழுவழக்குச் சொற்களையும் ஒரே பட்டியலில் அடுக்குவதுண்டு. தமிழ் இலக்கண மரபு இவ்விரண்டையும் வேறு வேறு இடங்களில் வைத்துப் பேசுகிறது. ஒரு நிலப்பகுதியாரின் வழக்கைத் தொல்காப்பியம் திசைச்சொல் என்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைபெயரை நன்னூல் குழூஉக்குறி என்று தகுதி வழக்கினுள் அடக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. இப்பாகுபாடு ஆங்கில வழக்குகளை ஆராயவும் பயன்படுகிறது.

கிழக்கு இலண்டனில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தெருவணிகர் முதலியோரிடையே வழங்கத் தொடங்கிய இயைபுவழக்கு குழூஉக்குறிக்குத் தக்க சான்று. கருதிய சொல்லோடு ஒலியியைபுடைய ஓர் இருசொல் தொடர் முதலில் அமைக்கப்பெறும். பின்னர் இயைபுச் சொல் மறைய, எஞ்சிய சொல்லே பொருள் தரும். பார்த்தல் என்னும் பொருளுடைய ‘லுக்’ என்பதற்கு ‘புச்சர்ஸ் ஹுக்’ (கசாப்புக்காரரின் கொக்கி) அமைந்து, ‘புச்சர்ஸ்’ எனச் சுருங்கியது இவ்வாறே. தலையைக் குறிக்கும் ‘லோஃப்’ என்பதும் ரொட்டியைக் குறிக்கும் ‘லோஃப் ஆஃப் பிரெட்’ என்னும் தொடரின் எச்சமாகும். இவை வேண்டுமென்றே புனையப்பெற்றவை. வட்டாரச் சொற்கள் அவ்வாறன்றித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை.

இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை கடக்க முடியாததன்று. இந்திய ஆரிய மொழிகளுள் ஒன்றான ரோமானியைப் பேசியோர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவை அடைந்தனர். அவர்தம் சொற்கள் சில பிறர் பேச்சிலும் கலந்தன. நண்பனைக் குறிக்கும் ‘பால்’ என்பது உடன்பிறந்தானைக் குறிக்கும் ரோமானிச் சொல்லிலிருந்து வந்தது. வடமொழியின் ‘ப்ராத்ரு’ அதன் மூலமாகும். ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் திருடுதலைக் குறிக்கும் ‘சோர்’ என்பதும் ரோமானியின் வழியே வந்ததாகும். தமிழில் வழங்கும் சோரன் என்னும் வடசொல்லும் அதுவும் ஒரே மூலத்தின் கிளைகள். ஒரு குழுவின் சொல் ஒரு வட்டாரத்தின் சொல்லாகவும், பின்னர் நாட்டின் பொதுச்சொல்லாகவும் மாறுவதை இவை காட்டுகின்றன.

பழமையும் பொருள்நிலையும்

வட்டாரச் சொற்களைப் பெரிய அளவில் திரட்டிய முதன்மைப் பணி ஜோசப் ரைட் பதிப்பித்த ஆங்கிலக் கிளைமொழி அகராதியாகும். அது 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. யார்க்‌ஷயரில் பிறந்து, சிறுவயதில் துணியாலையில் உழைத்து, ஏறத்தாழ 15 வயதில் எழுத்தறிந்த ரைட், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார். தம் தாய்வழக்கான விண்டில் பகுதிப் பேச்சுக்கு அவர் 1892இல் இலக்கணம் வகுத்தார். சிற்றூர்ப் பேச்சுக்கும் ஒலியொழுங்கும் வரலாறும் உண்டு என்பதை அந்நூல் விளக்கியது.

இவ்வரலாற்றைச் சில சொற்களால் அறியலாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வடமேற்கிலும் எளிதில் குளிர் தாக்கும் உடல்வாகினரை ‘நெஷ்’ என்பர். மென்மை, வலிமையின்மை ஆகிய பொருள்களையுடைய பழைய ஆங்கிலச் சொல்லே இன்றளவும் இவ்வாறு வாழ்கிறது. யார்க்‌ஷயரில் விளையாடுதலைக் குறிக்கும் ‘லேக்’ பழைய நார்ஸ் மொழியின் ‘லெய்கா’ என்பதன் வழிவந்தது. வைக்கிங்குகள் 866இல் யார்க் நகரைக் கைப்பற்றிய பின் நிகழ்ந்த குடியேற்றங்கள் இத்தகைய சொற்களை வடபுலத்தில் நிலைபெறச் செய்தன. ஆலைத் தொழிலும் சுரங்கத் தொழிலும் பெருகியபோது, வேலையின்றி இருத்தல் என்னும் பொருளையும் ‘லேக்’ ஏற்றது. பழஞ்சொல் புதிய வாழ்க்கைக்கு ஈடுகொடுத்ததற்கு இஃது ஒரு சான்று.

‘ஸ்டார்வ்’ என்பதன் வரலாறும் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அது சாதலைக் குறித்தது. பொது ஆங்கிலத்தில் பசியால் வாடுதல் என்று பொருள் சுருங்கியது. வடபுல வழக்குகளிலோ குளிரால் விறைத்தல் என்று சுருங்கியது. இரண்டும் ஒரே பொருட்பரப்பிலிருந்து கிளைத்த இருவேறு சுருக்கங்களே. ஆதலின் ஒன்றைச் சரி என்றும் மற்றொன்றைப் பிழை என்றும் கூற மொழிவரலாறு இடந்தரவில்லை. ‘நௌட்’ என்பதும் பழைய ஆங்கில வேரினதே.

பொதுமொழி கைவிட்ட வேறுபாடுகள்

பழமை மட்டுமே ஒரு சொல்லின் மதிப்பை நிறுவப் போதாது. அச்சொல் ஆற்றும் பணியே முதன்மையானது. மூன்று எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவுறுத்தும்.

முதலாவது, முன்னிலைப் பெயர். பொது ஆங்கிலத்தில் ‘யூ’ என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் உரியது. பழைய ஒருமை வடிவமான ‘தௌ’ 17ஆம் நூற்றாண்டினின்று பொதுவழக்கில் அருகியது. யார்க்‌ஷயர் முதலிய வடபுல வழக்குகளில் அது ‘தா’ என எழுவாயாகவும், ‘தீ’ எனச் செயப்படுபொருளாகவும் முதியோர் பேச்சில் நீடித்துள்ளது. நெருக்கமானவரையும் இளையோரையும் நோக்கி வழங்கும் இவ்வடிவத்தால் மூத்தோரைச் சுட்டும் சிறுவர் கண்டிக்கப்பெற்றனர். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை உணர்ந்த தமிழர்க்கு இம்மரியாதை ஒழுங்கு புதிதன்று. மறுபுறம், அயர்லாந்து ஆங்கிலத்தின் செல்வாக்கால் லிவர்பூல், கிளாஸ்கோ, மிடில்ஸ்பரோ முதலிய நகரங்களில் ‘யூஸ்’ என்னும் பன்மை வடிவம் வேரூன்றியது. ஒரு வட்டாரம் பழைய ஒருமையைக் காத்தது. மற்றொரு வட்டாரம் புதிய பன்மையை ஆக்கிக்கொண்டது. இரண்டும் பொதுமொழியில் ஏற்பட்ட ஒரே இடைவெளிக்கு விடைகளாகின்றன.

இரண்டாவது, சுட்டு. பொது ஆங்கிலம் ‘திஸ்’, ‘தட்’ என அண்மை, சேய்மை ஆகிய இருநிலைகளையே வேறுபடுத்துகிறது. வடபுல ஆங்கிலமும் ஸ்காட்சும் ‘யான்’ என்னும் மூன்றாம் சுட்டையும் பேணியுள்ளன. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் அப்பால் தொலைவிலுள்ள பொருளை அது சுட்டும். தமிழின் அ, இ, உ என்னும் முச்சுட்டு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழகப் பொதுவழக்கில் உகரச்சுட்டு அருகிவிட, யாழ்ப்பாணத் தமிழில் உவன், உது என அது இன்றும் வாழ்கிறது. இரண்டு அமைப்புகளும் பொருளால் ஒன்றல்ல. உகரச்சுட்டு இடைநிலையையோ கேட்போர் அண்மையையோ காட்ட, ‘யான்’ சேய்மையின் கடைநிலையைக் காட்டுகிறது. ஆயினும் பொதுவழக்கு இழந்த சுட்டு நிலையை வட்டார வழக்கு காத்தல் என்பது இரு மொழிகளுக்கும் பொதுவான நிகழ்வாகும்.

மூன்றாவது, ஸ்காட்லாந்தின் ‘அவுட்வித்’. ஓர் எல்லைக்கு அல்லது வரம்புக்குப் புறம்பானது என்பது இதன் பொருள். ஆங்கிலத்தில் ‘விதின்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘விதவுட்’ ஒருகாலத்தில் ‘வெளியே’ எனப் பொருள் தந்தது. பின்னர் ‘இன்றி’ என்னும் பொருளே மேலோங்கியதால் அவ்வெதிர்நிலை சிதைந்தது. ‘அவுட்வித்’ அதனை நிறைவுசெய்கிறது. ஸ்காட்லாந்தின் சட்ட ஆவணங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் இச்சொல் இயல்பாகப் பயில்வதால், வட்டாரச் சொல் என்றாலே கொச்சை என்னும் எண்ணம் பொருந்தாமை புலனாகும்.

தொகுப்பு முறையும் அதன் எல்லையும்

ஹெரால்ட் ஆர்ட்டனும் யூஜின் டீத்தும் திட்டமிட்ட ஆங்கிலக் கிளைமொழி அளவாய்வு, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தை மையமாகக் கொண்டு 313 இடங்களில், 1,300க்கும் மேற்பட்ட வினாக்களுடன் களப்பணி நடைபெற்றது. கருதிய சொல்லைத் தாம் கூறாது, பொருளைக் காட்டியோ விளக்கியோ தகவலாளரையே பெயர் சொல்லச் செய்தது இதன் நெறி. பெரும்பாலும் உழவுத்தொழில் சார்ந்த முதிய ஆடவரே தகவலாளராயினர். இதனால் மாடு, கலப்பை, வைக்கோற்போர் சார்ந்த சொல்வளம் காக்கப்பெற்றது. ஆலை நகரங்களின் பேச்சும் பெண்டிர் வழக்கும் போதிய இடம் பெறவில்லை.

நகர்ப்புற வாழ்விலும் வட்டாரச் சொற்கள் செழித்துள்ளமைக்குச் சந்துப் பெயர்கள் சான்றாகும். லீட்ஸ், மான்செஸ்டர் பகுதிகளில் ‘கின்னல்’, ஷெஃபீல்டில் ‘ஜென்னல்’, லெஸ்டர்‌ஷயரில் ‘ஜிட்டி’, சசெக்ஸில் ‘டுவிட்டன்’, ஹல் நகரில் ‘டென்ஃபுட்’, லிவர்பூலில் ‘ஜிகர்’ என்பன வழங்குகின்றன. யார்க்‌ஷயரில் ‘ஸ்னிக்கெட்’ என்பதும் உண்டு. கட்டடங்களுக்கு இடைப்பட்டதைக் ‘கின்னல்’ என்றும், வேலிகளுக்கு இடைப்பட்டதை ‘ஸ்னிக்கெட்’ என்றும் வேறுபடுத்துவோர் அங்கு உளர். அவ்வேறுபாட்டை ஏலாதவரும் உளர். சந்து என ஒருசொற் பொருள் தரும் அகராதியில் இந்நுட்பம் மறைந்துபோகும்.

சிறு ரொட்டியின் பெயர்களும் இத்தகையனவே. லங்காஷயரில் ‘பார்ம்’, நாட்டிங்ஹாமில் ‘காப்’, கோவென்ட்ரியில் ‘பேட்ச்’ என்பன வழக்கு. மேற்கு யார்க்‌ஷயரில் வெறும் ரொட்டியைக் குறிக்கும் ‘டீகேக்’ பிற இடங்களில் உலர்திராட்சை சேர்ந்ததைக் குறிக்கும். நியூகாசிலின் ‘ஸ்டாட்டி’ வேறொரு சொல் மட்டுமன்று. தட்டையும் அகலமுமான வேறொரு ரொட்டியும் ஆகும். எனவே ஒருபொருட் பன்மொழி எனத் தோன்றுவனவற்றுள் பொருள் வேறுபாடுகளும் உறைந்துள்ளமையை ஆய்வாளர் நோக்குதல் வேண்டும்.

2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்குகொண்டு உருவாக்கிய கைப்பேசிச் செயலி, லீட்ஸ் அளவாய்வின் தரவுகளோடு இன்றைய வழக்கை ஒப்பிட்டது. இலையுதிர் காலத்தைக் குறித்த ‘பேக்கெண்ட்’ பெரிதும் வழக்கொழிந்தமையும், தோலில் தைத்த மரச்சிம்பைக் குறிக்கும் ‘ஸ்பெல்க்’ வடகிழக்கில் நிலைத்திருப்பதும் அதனால் தெரியவந்தன. தேய்வு எங்கும் ஒரே அளவினதன்று. வட்டாரப் பேச்சு ஒற்றுமையின் அடையாளமாகக் கருதப்பெறும் இடங்களில் அது எளிதில் மறைவதில்லை. நாரிச் நகர ஆடவர் சிலர் தாம் உண்மையில் பேசுவதைவிட மிகுதியாக வட்டார வடிவங்களைப் பேசுவதாகக் கூறியமையைப் பீட்டர் டிரட்கில் 1970களில் எடுத்துக்காட்டினார். வெளிப்படையாக இகழப்பெறும் வழக்குக்கு உள்ளூர மதிப்பு உண்டு என்பதே அதன் கருத்து.

கல்வியும் வட்டார வழக்கும்

ஹென்றி நியூபோல்ட் தலைமையிலான குழுவின் 1921ஆம் ஆண்டு அறிக்கை, பொது ஆங்கிலம் பேசப் பயிற்றுதலைத் தொடக்கப்பள்ளியின் கடமையாக வற்புறுத்தியது. 1975இல் வெளிவந்த புல்லக் அறிக்கையோ, வீட்டு மொழியைப் பள்ளி வாயிலில் களைந்துவிட்டு வருமாறு எப்பிள்ளையையும் எதிர்பார்த்தல் தகாது என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான இழுபறியே 2013ஆம் ஆண்டு மடலிலும் வெளிப்பட்டது. பொதுமொழிப் பயிற்சி பிள்ளைக்கு வேண்டுவதே. அதனை மறுத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ‘யூஸ்’ என்பதைப் பிழை எனத் திருத்தும் ஆசிரியர், பிள்ளை ஒருமை பன்மையை வேறுபடுத்த அறிந்திருப்பதையும் சேர்த்தே மறுத்துவிடுகிறார். இவ்வடிவம் இவ்விடத்துக்குரியது, அவ்வடிவம் அவ்விடத்துக்குரியது என இடமறிந்து பேசக் கற்பிப்பின் இரண்டு அறிவும் பிள்ளைக்கு எஞ்சும்.

முடிவுரை

1. வட்டாரச் சொல்லும் குழூஉக்குறியும் தோற்றத்தால் வேறானவை. எனினும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும்.

2. ‘நெஷ்’, ‘லேக்’, ‘ஸ்டார்வ்’ போன்றவை சிதைவுகள் அல்ல. பொது ஆங்கிலத்தோடு உடன்வளர்ந்த மரபின் சொற்களாகும்.

3. ‘தா’, ‘யூஸ்’, ‘யான்’, ‘அவுட்வித்’ ஆகியவற்றின் மதிப்பு அவை பங்குகொள்ளும் அமைப்பில் உள்ளது. ‘யான்’ மறையும்போது ஒரு சொல்லோடு ஒரு சுட்டு நிலையும் மறைகிறது.

4. ஆதலின் வட்டார அகராதியில் பொதுமொழி நிகரனைத் தருவதோடு அமையாது, அச்சொல் அவ்வழக்கின் எச்சொற்களோடு முரணி நின்று பொருள் தருகிறது என்பதையும், பேசுவோர் வயது, இடம், சூழல் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து ‘உது’ என்பதற்கு ‘அது’ என்று மட்டும் பொருள் எழுதும் அகராதியும் இக்குறையிலிருந்து தப்பாது.