தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனவர்கள்

மானாமதுரைக்காரருக்குக் கடம் புதிதல்ல. குயவர் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போய் வந்தவர். பலகையை வைத்துப் பச்சை மண்ணைத் தட்டித் தட்டிச் சுவரை இறுக்கும் ஓசை காதோடு வளர்ந்தது. ஆனால் அந்தப் பானை மேடைக்குப் போய் என்ன செய்கிறது என்பதை இருபத்தாறு வயது வரை அவர் பார்த்ததில்லை. ஊர்த் திருவிழாவுக்கு நாகசுரம், தவில், ராத்திரி ஆர்கெஸ்ட்ரா. அவருக்குக் கச்சேரி என்றால் அதுதான்.

சென்னையில் வேலை கிடைத்து மயிலாப்பூரில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்த முதல் மார்கழி. கீழ்வீட்டுப் பெரியவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது தம்பி. பிடிக்கலேன்னா எழுந்து வந்துடலாம்."

"எனக்கு ஒண்ணும் புரியாதே சார்?"

"எனக்கு மட்டும் எல்லாம் புரியுதுன்னு யார் சொன்னா?"

முதல்முறை போகிறவர்களுக்கு இந்தப் பகல் கச்சேரிகளைப் போல வசதி வேறில்லை. பெரும்பாலான சபாக்களில் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். காலையிலும் மதியத்திலும் வளர்ந்துவரும் இளைஞர்கள் பாடுவார்கள், கதவு திறந்தே இருக்கும். அரங்கு பாதிதான் நிரம்பும் என்பதால் விரும்பிய இடத்தில் உட்காரலாம். நம்மவர் விரும்பிய இடம் கடைசி வரிசை, வாசலை ஒட்டி. பெரியவர் விடவில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நேராகத் தெரிகிற பக்கமாக, மூன்றாவது வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் முன்னதாகப் போனதில் ஒரு லாபம். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே பார்க்க நிறைய இருந்தது. மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியில், அதாவது இடது முகத்தில், அப்பினார். வலந்தலையின் ஓரத்தைக் கல்லாலும் புள்ளாலும் தட்டிச் சுருதி சேர்த்தார். தம்பூரா ஒலித்துக்கொண்டே இருந்தது. கடக்காரருக்கு அந்த வசதி இல்லை. சூளையில் வெந்து வந்தபோது அமைந்த சுருதிதான் கடத்துக்குச் சுருதி. வேண்டுமானால் உள்ளே கொஞ்சம் களிமண் ஒட்டி ஒரு மயிரிழை இறக்கலாம். அதனால் ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு ஒரு கடம், ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கு வேறொரு கடம் என்று வீட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் பானைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு இந்தச் சங்கதி அன்றுதான் தெரிந்தது.

வர்ணம் தொடங்கியது. அதன்பின் வந்த இரண்டு பாட்டும் தெலுங்கு. அவருக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்தில் ஒருவர் "பேகடா" என்று முணுமுணுக்க, இன்னொருவர் தலையாட்டினார். பரீட்சை அறையில் எல்லோருக்கும் விடை தெரிந்து தனக்கு மட்டும் தெரியாதது போலக் கூசினார். பெரியவர் குனிந்து, "ராகம் பேரெல்லாம் இப்ப வேண்டாம் தம்பி. என் கையைப் பாருங்க" என்றார். தொடையில் ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. மொத்தம் எட்டு. ஆதி தாளம்.

அவ்வளவுதான் பாடம். ஆனால் எண்ணத் தொடங்கியதும் கொட்டாவி நின்றுவிட்டது. பாடகர் எங்கெங்கோ போனாலும் சொன்ன இடத்துக்குத் திரும்பி வந்து சேர்வது பிடிபட்டது. வந்து சேரும்போது தன்னையறியாமல் தலை ஆடியது. இசை தெரியாதவர்களை முதல் கச்சேரிக்கு அழைத்துப்போகிறவர்கள் ராக இலக்கணத்தை ஒப்பிப்பதை விட்டு இந்த எட்டைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது இக்கட்டுரையாளரின் கட்சி.

கேட்கும் காதுக்குப் பழைய சொத்தும் உதவும். பிரதானமாகக் கல்யாணியை எடுத்துப் பாடகர் ஆலாபனை செய்தபோது, எங்கேயோ கேட்ட சாயல். ஐந்து நிமிடம் மண்டையைக் குடைந்த பிறகு பிடிபட்டது: 'தாய் மூகாம்பிகை' படத்தின் 'ஜனனி ஜனனி'. வாய்விட்டே சொல்லிவிட்டார். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். பெரியவர் முகத்தில் மட்டும் சிரிப்பு.

பிரதானக் கீர்த்தனை ஆரம்பித்ததும் மறுபடி கணக்குத் தப்பியது. அது இரண்டு களை. ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டிரண்டாகப் போட வேண்டும். தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டார். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல், கல்பனாஸ்வரம், பிறகு தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அவர் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தது இதற்குத்தான். அதுவரை பின்னால் அடக்கமாக உட்கார்ந்திருந்த அந்தக் குடம் இப்போதுதான் வாய் திறக்கப்போகிறது.

அந்த நேரம் பார்த்து அரங்கில் பாதிப் பேர் எழுந்தார்கள்.

முதலில் அவர் பயந்தே போனார், ஏதாவது அசம்பாவிதமோ? இல்லை, எல்லோரும் கேன்டீனுக்கு. மார்கழியில் சபா கேன்டீன் ஒரு தனிக் கச்சேரி என்பது உண்மைதான், கீரைவடையைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் மனசு வராது. ஆனாலும் ஒரு மனிதர் கைவிரல், மணிக்கட்டு, வயிறு எல்லாவற்றையும் சேர்த்து மண்ணைப் பேசவைக்கிற பத்து நிமிடத்தில்தானா பசிக்க வேண்டும்? முன்னாடியே சாப்பிட்டு வந்தால் தீர்ந்தது. வெளியே போயே ஆக வேண்டுமென்றால் இரண்டு பாட்டுக்கு நடுவில் போகலாம்.

காலியான நாற்காலிகளால் அவருக்கு மறைப்பு விலகியது. மிருதங்கம் முதலில் வாசித்து விட்டது. கடம் எடுத்துக்கொண்டது. பிறகு மாறி மாறி. ஆவர்த்தனக் கணக்கு குறுகிக் குறுகி, பேச்சுக்குப் பேச்சு என்றாகி, கடைசியில் இரண்டும் சேர்ந்து மோராவும் கோர்வையும். மூன்று முறை கோர்வை வந்து இறங்கிய இடத்தில் அவர் விரலும் சரியாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அன்று கேட்ட வரிசை, வர்ணத்தில் தொடங்கி நடுவில் ஒரு கனமான பாட்டு, பின்னால் சின்னச் சின்ன உருப்படிகள், மங்களம் என்பது ஆதிகாலம் தொட்டு வந்ததல்ல. போன நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியது என்பதைப் பிற்பாடுதான் படித்தார். மொழி புரியாத குறைக்கும் வழி தேடினார். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் நடத்தும் விழாவுக்கு மறு வருஷம் தனியாகவே போனார். பாடும் சொல் புரிந்தபோது நிரவல் என்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாளுக்கு வருவோம். மங்களம் முடிந்ததும் பெரியவர் அவரை மேடை ஓரத்துக்கு அழைத்துப்போனார். அப்படிப் போய் நாலு வார்த்தை பேசலாம் என்பதே புதுமுகங்களுக்குத் தெரிவதில்லை. கடக்காரர் கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"மானாமதுரைங்க."

சுற்றின துணியை அவர் அவிழ்த்தார். "அப்ப இது உங்க ஊருதான். பிடிங்க" என்று நீட்டினார். மெட்ராஸ் கடம் இலேசு. மானாமதுரைக் கடம் தடித்த சுவர், கை வலிக்கும் கனம். இரண்டு கையாலும் வாங்கி, எங்கே கீழே போட்டுவிடுவோமோ என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கேன்டீனுக்குப் போனவர்கள் வாயைத் துடைத்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.