கடைக்குள் முகவரி கொடுப்பது யார்?



மஹய்யாவ முதல் கட்டுகஸ்தோட்டை வரை வீதியோரக் கடைகளில் பில் போடும் கணனி, பிரிண்டர், கெமரா, ஊழியரின் ஃபோன் யாவும் இன்று ஒரே ரவுட்டரை நம்பியே ஓடுகின்றன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அந்நாட்களில் எனக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடையில், மின்சாரம் வந்த பிறகும் பில் அச்சாகவில்லை. ஆட்கள் வரிசையில் நிற்க, முதலாளி பிரிண்டரைக் கழற்றிப் பூட்டினார். பழுது பிரிண்டரில் இல்லை. அதற்குப் புது முகவரி கிடைத்திருந்தது. கணனியோ பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தது.

இந்த முகவரிகளைப் பங்கிடும் ஏற்பாட்டின் பெயர் டிஎச்சிபி. 1993இல் விதியாக எழுதப்பட்டு, 1997இல் திருத்தப்பட்டது. கருவி "முகவரி உண்டா?" என்று கேட்கும். ரவுட்டர் ஒன்றைக் காட்டும். கருவி "அதையே தாருங்கள்" என்னும். ரவுட்டர் உறுதி செய்யும். கொடுப்பது விற்பனையல்ல, தவணை வைத்த லீஸ். லீசிங் எடுத்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரவுட்டருக்கு இரண்டு வாசல். வெளிவாசலுக்கு இணைய கம்பனி முகவரி தரும். உள்வாசலில் நமது ரவுட்டரே முகவரி தரும். நாம் கை வைக்க வேண்டியது உள்வாசலில், அதாவது லான் பக்கத்தில் மட்டுமே.

செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியில் நுழைந்து, முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

2. ரவுட்டர் 192.168.1.1 என்றால், பங்கிடும் எல்லையை 100 முதல் 200 வரை வையுங்கள். 101 கருவிகளுக்குப் போதும். கையால் எழுதும் முகவரிகளுக்கு 2 முதல் 99 வரை மிஞ்சும்.

3. பிரிண்டருக்கும் கெமராப் பெட்டிக்கும் ரவுட்டரிலேயே நிரந்தர முகவரி ஒதுக்குங்கள். மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் அது மாறாது.

4. மேல்மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் போட்டால், அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, அதிலுள்ள டிஎச்சிபியை நிறுத்தி, வயரை லான் துளையில் செருகுங்கள். ஒரு கடையில் இரண்டு காசாளர் தனித்தனிக் கணக்கு எழுதினால் என்னவாகும்? அதே குழப்பம்தான் இங்கும்.

5. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் விருந்தினர் இணைப்பைத் தனியாகத் திறந்து, லீஸ் தவணையை ஒரு மணித்தியாலமாக வையுங்கள். ஊழியருக்கு 24 மணித்தியாலம் சரி.

கணனியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். பிரிண்டரைக் கழற்றாமல் ரவுட்டரையும் வயரையும் பாருங்கள்.

கடன் கொப்பியிலுள்ள பெயர்களும் தொகைகளும் நம்மிடமுள்ள அமானிதம். அவை இருக்கும் கணனியும், முன்பின் தெரியாதவரின் ஃபோனும் ஒரே இணைப்பில் இருக்கலாகாது. செய்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதி லாச்சியில் வையுங்கள். வேலைக்காரப் பிள்ளை விலகிப் போனாலும் கடை நிற்காது, இன்ஷா அல்லாஹ்.