இலக்கமில்லாத் துப்பாக்கிகள்

உங்கள் வீட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் மிதிகட்டைகள் பொருந்தும் இடத்தின் கீழே ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். சில்லை மாற்றலாம், சங்கிலியை மாற்றலாம். களவு போன சைக்கிளை அடையாளம் காட்டுவது பிரேமிலுள்ள அந்த இலக்கமே.

ஐக்கிய அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்று துப்பாக்கிக்கும் இத்தகைய முறையை விதித்தது. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொடர் இலக்கம் பொறிக்க வேண்டும். குழலும் விசையும் பொருந்தும் உடற்பகுதியையே சட்டம் துப்பாக்கி எனக் கொள்கிறது. ஏனையவை வெறும் உதிரிப்பாகங்கள். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி அகப்பட்டால், அதிகாரிகள் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று விசாரித்து முதலில் வாங்கியவரை அடைகிறார்கள். அதன்பின் அது யார் கைக்குப் போனது என்பதை இலக்கம் சொல்லாது. மெல்லிய நூல்தான், ஆனாலும் அது இல்லாவிட்டால் பிடித்துச் செல்ல எதுவுமில்லை.

இந்த நூலைத்தான் சில வியாபாரிகள் அறுத்தார்கள். உடற்பகுதியை 'எண்பது வீதம்' மட்டும் செய்து, சில துளைகளைத் துளைக்காமல் விட்டார்கள். இது இன்னும் துப்பாக்கியல்ல என்று சொல்லி, இலக்கமின்றி, வாங்குபவர் யாரென்று விசாரிக்காமல் தபாலில் அனுப்பினார்கள். இத்தகைய பெட்டியொன்றை முன்பின் கண்டிராத ஒருவர், சாதாரண ஆயுதங்களைக் கொண்டு 21 நிமிடத்தில் அதைத் துப்பாக்கியாக்கியதாக நீதிமன்றப் பதிவு கூறுகிறது. 2017இல் மூலத்தைக் கண்டறியுமாறு பொலிசார் மத்திய அரசுக்கு அனுப்பிய இலக்கமில்லாத் துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,600. 2021இல் 19,000க்கும் மேல்.

2019 நவம்பர் 14ஆம் திகதி, கலிபோர்னியாவின் சாந்தா கிளாரிட்டா நகரில் 16 வயது மாணவன் ஒருவன் தன் பாடசாலையில் இரு மாணவரைச் சுட்டுக் கொன்று, மூவரைக் காயப்படுத்தி, தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் கையிலிருந்தது பாகங்களாக வாங்கிப் பொருத்திய கைத்துப்பாக்கி.

அம் மாநிலத்திற் சட்டம் இல்லாமலில்லை. துப்பாக்கி செய்பவர் எவரும் முன்கூட்டியே விண்ணப்பித்து இலக்கம் பெற வேண்டும் என்ற விதி 2018 யூலை முதல் அங்கு நடைமுறையில் இருந்தது. பிளாஸ்டிக்கினாற் செய்தால், இலக்கம் பொறிப்பதற்கென 3.7 அவுன்ஸ் உருக்கை அதனுட் பதிக்க வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள். ஆனால் அவ்விதி செய்பவனின் நேர்மையை நம்பியிருந்தது, விற்பவனைத் தொடவில்லை. 2022இல் வந்த சட்டமே இலக்கமில்லாத பாகங்களின் விற்பனையைத் தடுத்தது. அதே ஆண்டில் மத்திய அரசும் இப்பெட்டிகளைத் துப்பாக்கிகளாகக் கொள்ளும் விதியை இயற்றியது. வியாபாரிகள் வழக்காடினர். 2025 மார்ச் 26ஆம் திகதி, உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் விதியை ஏற்றனர், இருவர் மறுத்தனர்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உடற்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்பவன் இந்த வியாபாரிகளிடமும் போவதில்லை. கலிபோர்னியாவில் அப்படி அச்சிட உற்பத்தி உரிமம் வேண்டும். வேறு பல மாநிலங்களில் அதுவும் வேண்டியதில்லை.